பின்கதவும் சில சொற்றொடர்களும்

கீழமுனையில் மூன்று பெண்களை அடக்கம் செய்த மறுநாள், இறால் கம்பெனி மேனேஜர் தயாளனின் பேச்சிலிருந்து எழுவாயும் பயனிலையும் போய்விட்டன. தொண்டைக் கட்டு என்று அவர் வெந்நீர் குடித்திருக்கலாம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று படுத்திருக்கலாம். ஊருக்கு அது தெரியவே பல நாள் ஆயிற்று, ஏனென்றால் கம்பெனி ஆட்கள் எழுவாயும் பயனிலையுமாகப் பேசி ஊர் அதுவரை கேட்டதில்லை. அவர் கடைசியாகச் சொன்ன முழு வாக்கியம் கல்லறைத் தோட்டத்து வாசலில் போலீஸ்காரரிடம் சொன்னது. "கதவு பூட்டப்பட்டிருந்தது."

அதை முதலில் கண்டுகொண்டவள் ஜெசிந்தா. பங்குக் கோயில் நடத்துகிற உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இங்கிலீஷ் எடுக்கிறவள். இறந்த மூவரில் ஒருத்தி அவளுடைய தங்கை செலின். அக்காள் டீச்சராக இருந்தும் செலின் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் தேறவில்லை. ஃபிரேஸ் என்கிற பாடம் வந்தாலே புத்தகத்தை மூடிவிடுவாள். "முடியாத பேச்சை எதுக்குக்கா படிக்கணும்? பேசுனா முழுசாப் பேசணும், இல்லன்னா சும்மா கெடக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள், நேரே கம்பெனிக்குத்தான் போனாள்.

நடந்தது இதுதான். பீலிங் ஹாலில் காலை ஷிப்டுப் பெண்கள் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தபோது, முன்வாசல் பக்கம் ஓடுகிற குளிர்சாதன அமோனியாக் குழாய் வெடித்தது. கண்ணும் மூக்கும் எரிய, முன்னால் போக வழியில்லாமல், எல்லாரும் பின்கதவுக்கு ஓடினார்கள். பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. பெண்கள் அடிக்கடி பின்னால் வெயிலுக்குப் போய் நிற்கிறார்கள், போகிற சாக்கில் இறாலை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லி, கொஞ்ச நாள் முன்னால்தான் அந்தப் பூட்டு வந்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பெயர்த்து வெளியே விழுந்தவர்கள் பிழைத்தார்கள். கதவு திறக்கும் என்று நம்பி நின்றவர்கள், செலினும், சூசையம்மாளின் மகள் ரீத்தாவும், வடக்குத் தெரு அமலியும், கதவடியிலேயே கிடந்தார்கள். செலினின் நகங்களுக்குள் கதவின் பச்சைப் பெயிண்ட் இருந்தது. உடலைக் கழுவும்போது ஜெசிந்தா அதைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, வந்தது போகவில்லை. அவள் சோறு வடிக்கும்போது அது பக்கத்தில் நின்றது, சேலை மடிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஜெபம் சொல்ல வாயெடுத்தால் அவளுக்கு முன்னால் வாயெடுத்தது. பார்க்க வந்தவர்கள் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, சுவரோரம் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருக்கிற இவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சீக்கிரம் எழுந்து போனார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் கம்பெனி கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். பெண்கள் வந்து ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சூசையம்மாள் கூட்டத்தின் முன்னால் நின்றாள். அகலமான தோளும் உப்பில் வெந்த கைகளும் உள்ள மனுஷி. மகளும் அவளும் ஒரே மேசையில் இறால் உரித்தவர்கள். ஜன்னல் வழியாக வெளியே விழுந்தவர்களில் அவள் ஒருத்தி.

"வாசி டீச்சர். என்ன எழுதியிருக்காவ?"

ஜெசிந்தா வாசித்தாள். "டியூ டு அன் அன்ஃபார்ச்சுனேட் இன்சிடென்ட். ஒரு துரதிர்ஷ்டவசமான சம்பவம் காரணமாக."

"சரி."

"வித் டீப்பஸ்ட் சிம்பதி டு த ஃபேமிலீஸ். குடும்பங்களுக்கு ஆழ்ந்த அனுதாபத்துடன்."

"சரி, மேல வாசி."

"ஆல் சேஃப்டி மெஷர்ஸ் ஹேவிங் பீன் டேக்கன். பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் செய்யப்பட்டிருந்த நிலையில. பெண்டிங் ஃபர்தர் என்கொயரி. மேல்விசாரணை நிலுவையில."

"பொறவு?"

"அவ்வளவுதான்க்கா."

சூசையம்மாள் நோட்டீஸைப் பார்த்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள். "காரணமாகன்னா, காரணமாக என்ன? அனுதாபத்துடன்னா, அனுதாபத்தோட யாரு என்ன செஞ்சா? எம் புள்ள செத்தாளா இல்லியான்னு கூடவா போடல?"

"போடலக்கா. இதுல எழுவாயும் இல்ல, பயனிலையும் இல்ல. எல்லாம் ஃபிரேஸு. சொற்றொடரு. யாருன்னும் சொல்லாது, செஞ்சாங்கன்னும் சொல்லாது."

அப்போது மேனேஜரின் கார் உள்ளேயிருந்து வந்தது. பெண்கள் கேட்டை மறித்தார்கள். தயாளன் கண்ணாடியை இறக்கினார். ஐம்பது வயசு, நரைக்குச் சாயம் போட்ட தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா. "உங்கள் துயரத்தில்" என்று ஆரம்பித்தார், நின்றார். "கம்பெனியின் சார்பில்" என்றார், நின்றார். வாய் திறந்திருந்தது, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவுக்கு அது தெரிந்தது. வகுப்பில் வினைச்சொல் தெரியாமல் எழுந்து நிற்கிற பிள்ளைகளின் வாய் அப்படித்தான் இருக்கும். "மிகுந்த வருத்தத்துடன்" என்று முடித்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பெண்கள் வழிவிட்டார்கள், அவர் ஏதோ சொல்லிவிட்டதாகத்தான் அவர்களில் பாதிப் பேர் நினைத்தார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று என்று யாரும் பெரிதாக ஆராயவில்லை. சூசையம்மாளின் வயிற்றெரிச்சல் என்று சிலர் சொன்னார்கள். அமோனியா தொண்டையில் இறங்கியிருக்கும் என்று கம்பவுண்டர் சொன்னார். ஊருக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு: அதனால் எந்த வேலையும் நிற்கவில்லை. தயாளன் மிக்கேல் டீக்கடையில் வந்து நின்று "சர்க்கரை இல்லாமல்" என்றால் டீ வந்தது. டிரைவரிடம் "ஹார்பர் வழியாக" என்றால் கார் போனது. ஆபீசில் "உங்கள் தகவலுக்கு" என்றும் "உடனடி நடவடிக்கைக்கு" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பு நகர்ந்தது. தலைமை ஆபீசிலிருந்து, உங்கள் கடிதங்கள் முன்னைவிடச் சுருக்கமாகவும் நன்றாகவும் இருக்கின்றன என்று பாராட்டுக்கூட வந்ததாம். மனிதர்கள் பெரும்பாலான நாட்களைப் பயனிலை இல்லாமலே ஓட்டிவிட முடியும் என்று கீழமுனை அப்போதுதான் தெரிந்துகொண்டது.

பிறகு அது பரவியது. பின்கதவைப் பற்றிப் பேச வேண்டி வந்து, பூட்டியவனைச் சொல்லாமல் நழுவியவர்கள் எல்லாருக்கும் வந்தது. முதலில் சூப்பர்வைசர், பிறகு கணக்கர், பிறகு பிரேதப் பரிசோதனைத் தாளில் "மூச்சுத்திணறல் காரணமாக" என்று எழுதிக் கோடு போட்ட டாக்டர், பிறகு நேரில் வந்து பார்த்துவிட்டு "சந்தர்ப்ப சூழ்நிலையால்" என்று எழுதிக்கொண்டுபோன தொழிற்சாலை ஆய்வாளர். ஊர் அவர்களுக்குப் பாதிவாயர்கள் என்று பெயர் வைத்தது. பிள்ளைகள் அதை விளையாட்டாக்கினார்கள். ஒருத்தர் "கிணற்றுக்குப் பின்னால்" என்று கத்தினால் இன்னொருத்தர் ஓடிப்போய் "நான் மூத்திரம் பெய்தேன்" என்று முடிக்க வேண்டும். காய்கறிக் கடைக்காரிகள் பாதிவாயர்களின் பெண்டாட்டிமாரிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். டீக்கடையில் அவர்களுக்கு ஒரு பெஞ்சு ஒதுங்கிற்று. ஊர் இப்படி எதையும் வீட்டுக்குள் விட்டுப் பாய் போட்டு உட்கார வைத்துவிடும் என்பதுதான் ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு அது அதிசயம் இல்லை. அவமானம்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஊரே கோயிலில் இருந்தது. பங்குச்சாமி பிரசங்க மேடையில் ஏறினார். நல்ல மனிதர்தான்; கம்பெனி முதலாளி கட்டிக்கொடுத்த புது மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிறவர். "இறைவனின் சித்தப்படி" என்றார். ஜனங்கள் காத்திருந்தார்கள். "நம்மைவிட்டுப் பிரிந்த மூன்று சகோதரிகளின் ஆன்மாக்களுக்காக" என்றார். நெற்றி வேர்த்தது. "பரலோக ராஜ்யத்தில்" என்றார். மின்விசிறிகள் சுற்றின. ஒரு கைக்குழந்தை அழுது ஓய்ந்தது. கடைசியில் உபதேசியார் பொறுக்கமாட்டாமல் ஆமென் என்றார், எல்லாரும் ஆமென் என்றார்கள், பூசை மேலே நடந்தது. ஜெசிந்தா எழுந்து நடுவழியே வெளியே நடந்தாள். அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடம் ஃபிரேஸ். புத்தகத்தில் அடுத்து வந்தது அதுதான், அவள் தேடிப்போகவில்லை. போர்டில் நோட்டீஸின் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். சம்பவம் என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு ஒதுங்குகிறது நவுன் ஃபிரேஸ். காரணமாக, சார்பில், வழியாக என்று எதையாவது பிடித்துத் தொங்குகிறது பிரிபொசிஷனல் ஃபிரேஸ். நிலுவையில் என்று இழுத்துக்கொண்டே கிடக்கிறது பார்டிசிபிள் ஃபிரேஸ். இதெல்லாம் குற்றமில்லை, ஒரு வாக்கியத்துக்குள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு, யார் எங்கே எப்போது எதற்காக என்று அழகாகச் சொல்லும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், தனியாக ஒரு ஃபிரேஸ் நிற்க முடியாது என்கிற வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். இருபது வருஷமாக அந்த வரியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நிற்க முடியாது என்று சொன்னவையெல்லாம் இப்போது காரில் போகின்றன, சம்பளம் வாங்குகின்றன, மேடை ஏறுகின்றன.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்று தோன்றியது. இங்கிலீஷிலாவது செய்தவன் தனியாக முன்னால் நிற்கிறான், அவனை வெட்டி எடுத்துவிடலாம். தமிழில் அவன் வினைச்சொல்லின் வாலிலேயே உட்கார்ந்திருக்கிறான். பூட்டினேன். பூட்டினாய். பூட்டினான். ஆளை மறைக்க வேண்டுமென்றால் வினையையே விழுங்க வேண்டும். அவர்கள் விழுங்கியிருக்கிறார்கள். அது தொண்டையில்தான் இருக்கிறது.

விசாரணைக்கு உத்தரவு வந்தது. மேனேஜர் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு முழு வாக்கியமும் இல்லை என்று விசாரணை அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும் என்றார். அதன்பிறகுதான் சென்னையிலிருந்து கம்பெனி வக்கீல் சந்தானகிருஷ்ணன் ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, செலினின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, பிறகு உட்கார்ந்தார். அவர் பேச்சு முழுசாக இருந்தது. கதவைப் பற்றி மட்டும் அவர் ஒன்றுமே பேசவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"மேடம், சார் பாதியைச் சொல்வார். மீதியை நீங்க பக்கத்துல உக்காந்து போட்டுக் கொடுத்தாப் போதும். வெர்ப் மட்டும்தான். நேர்ந்தது, காணப்பட்டது, கருதப்படுகிறது, இந்த மாதிரி. பாதிக்கப்பட்ட குடும்பத்துலேர்ந்து ஒருத்தர் செஞ்சா அதுக்கு ஒரு மரியாதை இருக்கும். ஸ்கூல்ல உங்க வேலை இத்தனை வருஷமாகியும் தற்காலிகம்தானாமே. முதலாளி ஒரு வார்த்தை சொன்னா நிரந்தரம் ஆயிடும்."

"யார் செஞ்சதுன்னு கேக்காத வெர்பா வேணும்."

"சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

அவருக்கு வைத்த காப்பியை அவர் முகத்திலேயே ஊற்ற ஜெசிந்தாவின் கை நீண்டது. அந்தக் கையை மடியில் வைத்து மறுகையால் பிடித்துக்கொண்டாள். "வாறேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி பேச்சை நிறுத்தினாள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் விலகின. சூசையம்மாள் வந்தாள். இரண்டு சாவு வீட்டுக்கும் ஒரே சட்டி போதும் என்று தினமும் மீன்குழம்பு கொண்டுவருகிறவள். அன்றும் கையில் சட்டி இருந்தது.

"ஏட்டி, கேள்விப்பட்டது உள்ளதாட்டி? அவனுக்கு வாயா இருக்கப் போறியா?"

"பக்கத்துல உக்காரப் போறேன்க்கா."

"ஒந் தங்கச்சி கதவைப் பிறாண்டுனதை நான் எங்கண்ணால பாத்தேன். அவ கையைப் பிடிச்சு இழுத்தேன், வரல. கதவு தொறந்துரும்னு சொன்னா. அவளையாட்டி விக்கப் போற?"

ஜெசிந்தா தெருவை எட்டிப் பார்த்தாள். எதற்கு என்று சொன்னால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் வக்கீலுக்குத் தெரியும். "விசாரணை அன்னைக்கு முன்னாடி வந்து உக்காருங்கக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சூசையம்மாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனாள். ஜெசிந்தாவின் கோபத்துக்குத் துணையாக இப்போது ஊரின் கோபமும் வந்து வீட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

விசாரணைக்குத் தயார் செய்வதற்கென்று அவளை மேனேஜர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். தயாளனின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "மகளுக்குப் பெங்களூர்ல வேலை கெடைச்சிருக்கு டீச்சர். போன் பண்ணினா. இவர் 'மிகுந்த மகிழ்ச்சியில்'னு சொல்லிட்டு நிக்கிறார். கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி இருக்குப்பான்னு சொல்லி அவ வச்சிட்டா. அதுக்கப்புறம் கூப்பிடவே இல்லை." தயாளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. ஜெசிந்தாவுக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் அந்த ஆள் எதையோ சொல்லத் தவிக்கிறார் என்பது மட்டும் உறுதியாயிற்று. பயப்படுகிறவனுக்கும் தவிக்கிறவனுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

விசாரணை சமுதாய நலக்கூடத்தில் நடந்தது. பெண்கள் எல்லாரும் வந்தார்கள். சூசையம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, ஜெசிந்தா மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவதைப் பார்த்துக் காறித் துப்பினாள். விசாரணை அதிகாரி இளவயசுக்காரர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "பின்கதவைப் பூட்டினது யார்?"

"ஆல் சேஃப்டி மெஷர்ஸ் ஹேவிங் பீன் டேக்கன்" என்றார் தயாளன்.

அதிகாரி ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா எழுந்தாள். "பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் செய்யப்பட்டிருந்த நிலையில அப்படீங்கறார் சார். இதுக்கு ஆப்சல்யூட் ஃபிரேஸ்னு பேரு. எந்தச் சொல்லோடயும் ஒட்டாம ஓரமா நிக்கும். நீங்க கேட்டதோடயும் ஒட்டல. தள்ளி வச்சிரலாம்."

வக்கீல் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சரி, எதுக்காகப் பூட்டணும்?" என்றார் அதிகாரி.

"டு பிரிவென்ட் தெஃப்ட்."

"திருட்டைத் தடுக்கறதுக்காக. இது இன்ஃபினிட்டிவ் ஃபிரேஸ் சார். ஒரு நோக்கத்தைச் சொல்லுது. நோக்கம்னா அது ஒரு ஆளுக்குத்தான் இருக்கும். கதவுக்கு இருக்காது, பூட்டுக்கு இருக்காது." அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "யாரோட நோக்கம் சார்?"

"ஆன் த இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் ஆஃப் த மேனேஜ்மென்ட்."

"முதலாளி சொன்னபடி. சாவி எங்க இருந்தது?"

தயாளன் தன் பையைத் தொட்டுப் பார்த்தார். "இன் மை பாக்கெட்."

"என்னோட பையில. என்னோட அப்படீன்னு சொல்லிட்டார் சார். இத்தனை நாள்ல அவர் வாயில அவரைப் பத்தி வந்த முதல் வார்த்தை இது."

"மேடம்" என்று வக்கீல் எழுந்தார். "உங்க வேலை வெர்ப் போடறது மட்டும்தான்."

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்." அவள் குரல் உயரவில்லை, ஆனால் கூடத்தின் கடைசிவரை கேட்டது. "முதலாளி சொன்னபடி, திருட்டைத் தடுக்கறதுக்காக, என்னோட பையில இருந்த சாவியால, பின்கதவை. இதுவரைக்கும் எல்லாம் கேள்வியிலயும் அவர் பதில்லயும் இருக்கறது சார். நான் ஒரு எழுத்துகூடச் சேக்கல. ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு. அதை நான் போடமாட்டேன். நான் போட்டா அது என் வாக்கியம். அவர்தான் போடணும்."

வக்கீல் பொறுமையிழந்தார். அந்த ஒருதரம் மறந்துவிட்டார். "கதவு பூட்டப்பட்டிருந்ததுன்னு போட்டு முடிங்க மேடம்" என்றார். சொல்லிவிட்டு அதிகாரி பக்கம் திரும்பி மேலே பேசப் போனவர், "இந்த விசாரணையின்" என்றார். "சட்டத்துக்கு உட்பட்டு" என்றார். கையைத் தூக்கினார். "மேன்மைமிகு அதிகாரி அவர்களின்" என்றார். தூக்கிய கை அந்தரத்தில் நிற்க, உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. கூடத்தில் இருந்த பாதிவாயர்கள் மட்டும், ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளாமல், சற்று நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

தயாளன் எழுந்தார். எழுந்ததும் நேரெதிரே சூசையம்மாள்தான் இருந்தாள். அவளைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. பெரிய மீனின் முள்ளை வெளியே கொண்டுவருகிறவரைப்போல முகம் கோணிற்று.

"நான்" என்றார்.

ஜெசிந்தா உட்கார்ந்தாள்.

"நான் பூட்டினேன்."

அது வந்ததும் மற்றதெல்லாம் வந்தது. நிறுத்த முடியாமல் வந்தது. நிறுத்த அவர் முயலவும் இல்லை. "முதலாளி போன்ல சொன்னார், நான் பூட்டினேன். குழாய் கசியுதுன்னு மெக்கானிக் வந்து சொன்னான், அப்புறம் பாக்கலாம்னு நான் சொன்னேன். ரெண்டுதரம் வந்து சொன்னான், நான் அவனை வைதேன். வெடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுது. கதவைத் தட்டற சத்தமும் கேட்டுது. சாவி எங்கிட்ட இருந்துது. நான் பின்னால ஓடலை. நான் முன்கேட் வழியா வெளிய போனேன். நான் காருக்குள்ள உக்காந்திருந்தேன்."

சூசையம்மாள் எழுந்து அவரிடம் நடந்தாள். அடிக்கப் போகிறாள் என்று போலீஸ்காரர் குறுக்கே வந்தார். அவள் அவரை ஒதுக்கிவிட்டு, தயாளனின் முகத்துக்கு நேராக நின்றாள். "பேரு சொல்லு" என்றாள். "பேரு சொல்லி, முழுசாச் சொல்லு."

"நான் பூட்டின கதவுக்குப் பின்னால ரீத்தா செத்தா" என்றார் தயாளன். "செலின் செத்தா. அமலி செத்தா." பிறகு உட்கார்ந்து அழுதார். சூசையம்மாள் அழவில்லை. திரும்பி வந்து, தன் இடத்தில் உட்காராமல், மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் போய், ஜெசிந்தாவின் தோளில் தன் கையைப் போட்டு அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தக் கை அத்தனை கனமாக இருந்தது.

அதோடு எல்லாம் நேராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தயாளனைச் சிறையில் வைத்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். போகும்போது முழுசாகப் பேசிக்கொண்டு போனார் என்று டிரைவர் சொன்னான். முதலாளியை யாரும் கூப்பிடவே இல்லை. விசாரணை அறிக்கை வந்தபோது ஜெசிந்தா அதைக் கையில் வாங்கிக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். "மனிதத் தவறு காரணமாக" என்று இருந்தது. அதற்கு மேல் பயனிலை இல்லை. கையெழுத்துப் போட்ட அன்றே அந்த இளவயசு அதிகாரி தன் வீட்டில் "சாம்பாருடன்" என்று சொல்லிவிட்டு விழித்தாராம். ஜெசிந்தா அந்தத் தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள். பள்ளியில் அவளுக்கு மறுவருஷம் வேலை இல்லை என்று "நிர்வாகக் காரணங்களுக்காக" ஒரு தாள் வந்தது. அதையும் அப்படியே மடித்தாள்.

மழைக்காலம் முடிந்து கம்பெனி வேறு பெயரில் திறந்தது. புதுப் போர்டு, புது மேனேஜர், அதே ஹால், அதே பின்கதவு. பெண்கள் வேலைக்குப் பேர் கொடுத்தார்கள், சூசையம்மாள் உட்பட. கடலுக்குப் போகிற ஆண்கள் கொண்டுவருவதில் மட்டும் எந்த வீடும் நிறையவில்லை. வேலைக்குப் போக வேண்டும் என்பதில் அவர்களுக்குள் இரண்டு பேச்சு இல்லை. எப்படிப் போக வேண்டும் என்பதைப் பற்றித்தான் ஜெசிந்தாவின் வீட்டில் கூடிப் பேசினார்கள். மனு எழுதலாமா என்று யாரோ கேட்டபோது, ஜெசிந்தா வேண்டாம் என்றாள். மனுவுக்குப் பதில் வரும், பதிலில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றாள்.

முதல் நாள் காலை ஷிப்டுக்குப் பெண்கள் உரிக்கும் கத்தியோடு, தச்சனிடம் இரவல் வாங்கிய கடப்பாரையும் திருப்புளியும் கொண்டுபோனார்கள். ஜெசிந்தாவும் கூடப் போனாள். ஹாலுக்குள் நுழைந்து, மேசைகளைத் தாண்டி, நேரே பின்கதவுக்குப் போனார்கள். கீல்களில் துரு ஏறியிருந்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். ஆணிகள் கத்திக்கொண்டு வெளியே வந்தன.

சத்தம் கேட்டுப் புது மேனேஜர் ஓடிவந்தார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. "என்ன நடக்குது இங்க?" என்றார்.

"இங்க ஒண்ணும் தானா நடக்கல தம்பி" என்றாள் சூசையம்மாள், கடப்பாரையை விடாமல். "நாங்க கதவைக் கழத்துதோம்."

அவர் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கம்பெனி விதிமுறைகளின்படி" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

மீதிக்காக யாரும் நிற்கவில்லை. கடைசிக் கீலும் விட்டதும் கதவு முன்னால் சாய்ந்தது. பெண்கள் அதைத் தோள்களில் ஏந்திக்கொண்டு, மேனேஜரை ஒதுங்கச் சொல்லி, முன்கேட் வழியாகத் தெருவுக்கு வந்து, டீக்கடையையும் கோயிலையும் தாண்டி, கடலை நோக்கி நடந்தார்கள். ஜெசிந்தா முன்மூலையைப் பிடித்திருந்தாள். நல்ல கனம். யாரோ கை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அவள் வேண்டாம் என்றாள்.